கோளாம்பி ராஜதாஸும் காதுக்குள் போகிற இயர்போனும்

என் அக்காவின் கணவர் ராஜதாஸுக்குக் காது மட்டும்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்று நான் அடிக்கடி சொல்வேன். கண் உண்டு, ஆனால் பார்க்க மாட்டார். நாங்கள் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு யாராவது வந்துவிட்டுப் போனால், "யாரு அத்தான் வந்தது?" என்று கேட்டால் முகம் சொல்லத் தெரியாது. "இடது செருப்பு தேஞ்ச ஆளு. மூக்கடைப்பு உண்டு. சைக்கிள் செயின் லூசாக்கும்" என்பார். அதை வைத்துக்கொண்டு நானும் அக்காவும் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவோம், அதுதான் எனக்கு எரிச்சல்.

பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகிற ரோட்டில் அவர்கள் வீடு. பக்கத்து வீடு என்னுடையது. என் கணவர் ராணுவத்தில் இருந்ததால் நான் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். வீட்டை ஒட்டிய ஓட்டுச் சாய்ப்பில் அத்தானின் மைக்செட் இருந்தது. புனல் மாதிரி வாய் விரிந்த ஸ்பீக்கரை எங்கள் பக்கம் கோளாம்பி என்போம். அப்படி ஆறு கோளாம்பி, இரண்டு ஆம்ப்ளிஃபயர், ஒரு கேசட் ரெக்கார்டர், பழைய வேட்டித் துணியில் பச்சைப்பிள்ளை மாதிரி சுற்றிவைத்த மைக்குகள். சபையில் கன்வென்ஷன் என்றாலும், கோயிலில் உற்சவம் என்றாலும், கல்யாணமோ கட்சிக் கூட்டமோ எதுவானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஊரில் அவருக்குக் கோளாம்பி ராஜதாஸ் என்றே பெயர்.

மற்ற மைக்செட்காரர்கள் பாஸைக் கூட்டி வைத்து ஆட்களின் நெஞ்சைக் குலுக்குவார்கள். இவருக்கு அது ஆகவே ஆகாது. "பாஸ் வயித்துக்கு உள்ளது, ட்ரெபிள்தான் காதுக்கு உள்ளது" என்பார். பேச்சென்றால் ஒவ்வொரு எழுத்தும் கல் பொறுக்கிய அரிசி மாதிரி தனித்தனியாக விழ வேண்டும். ஒருமுறை கள்ளிக்காட்டில் டேமுக்குப் பக்கத்தில் மூன்று நாள் கன்வென்ஷன். வெளியூர் பிரசங்கியார் பாவத்தைப் பற்றிப் பேசி ஜனங்களை அழவைத்துக்கொண்டிருக்கும்போது, இவர் பந்தலை விட்டு எழுந்து நடந்தே போய்விட்டார். அரை மைல் தள்ளி ரோட்டில் நின்று கேட்டுவிட்டு, திரும்பி வந்து ட்ரெபிளை ஒரு மயிரிழை கூட்டினார். பிரசங்கம் எப்படி என்று நான் கேட்டேன். "'ச' எல்லாம் அக்கரை வரைக்கும் போச்சு" என்றார். பாவத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

இப்படிப்பட்ட காது ஒன்று ஊரில் இருக்கிறது என்று தெரிந்தால் கல்ஃப்காரர்கள் விடுவார்களா? லீவில் வருகிறவர்கள் கொண்டுவந்த டேப்ரெக்கார்டர், வாக்மேன், இயர்போன் எல்லாம் அத்தானின் சாய்ப்புக்கு வந்து தீர்ப்பு வாங்கிக்கொண்டுதான் போகும். ஒவ்வொன்றையும் கேட்டு அவர் சொல்லச் சொல்ல, ஒரு நோட்டில் நான் எழுதுவேன். நான் நெய்யாற்றின்கரையில் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் என்பதால், "எழுது ஆனந்தம்" என்று அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஒன்றைப் பற்றி "ஜலதோஷம் பிடிச்ச பாட்டுக்காரன்" என்று ஒரே வரி. இன்னொன்றைப் பற்றி "எல்லாரும் ஒரே பெஞ்சில நெருங்கி உக்காந்து பாடுறாவ, தபலாக்காரனுக்கு எடமில்ல." படிக்கிற எனக்கு அந்தக் கருவிகளின் பெயர் மறந்துபோகும், தீர்ப்பு மறக்காது.

புதுக் கருவி எது வந்தாலும் அவர் சோதிப்பது ஒரே ஒரு கேசட்டில்தான். அது அவருடைய சொந்தக் கல்யாண கேசட். "தெரிஞ்ச குரலை வச்சாக்கும் தெரியாத மிஷினைப் பாக்கணும்" என்பது அவர் வைத்திருந்த சட்டம். அந்த கேசட்டில் யார் எப்போது இருமுவார்கள் என்பதுவரை அவருக்கு மனப்பாடம்.

அந்தக் கல்யாணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1982 மே மாதம். மாப்பிள்ளையே மைக்செட் போட்ட கல்யாணம் எங்கள் சபையில் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை. பக்கத்து ஊர் மைக்செட்காரர் ஞானையன், "நீ மாப்பிள்ள, ஒழுங்கா நில்லு, நான் பாத்துக்கிடுதேன்" என்று எவ்வளவோ சொன்னார். இவர் கேட்கவில்லை. "ஞானையன் வந்தா பாஸ் கூட்டுவான்" என்று எங்கள் அப்பாவிடமே சொல்லிவிட்டு, விடிந்ததும் விடியாததுமாகக் கோட்டு சூட்டோடு பலாமரத்தில் ஏறிக் கோளாம்பி கட்டினார். அப்பாவுக்கு அன்றைக்கே பாதி உயிர் போய்விட்டது.

இன்னொன்றும் செய்தார். பெண்ணுக்கென்று தனியாக ஒரு மைக். அவர் எத்தனையோ கல்யாணம் பார்த்தவர். போதகர் கேட்கிற கேள்வி ரோடு வரை கேட்கும். மாப்பிள்ளை சொல்கிற பதில் கடைசி பெஞ்சு வரை கேட்கும். பெண் சொல்கிற பதில் மட்டும் பெண்ணின் முந்தானையைத் தாண்டாது. பின்னால் இருப்பவர்கள் "பொண்ணு சொல்லியாச்சா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். என் அக்கா ரத்னபாய்க்கோ குரலே கிடையாது. அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே குனிந்துதான் கேட்க வேண்டும். ஆகவே பூங்கொத்துக்கு அடியில் மறைவாக ஒரு மைக் வைத்தார்.

அந்த மைக்தான் வினை வைத்தது. சரியாக அக்காவிடம் போதகர் கேள்வி கேட்க வேண்டிய நேரத்தில் கோளாம்பி அத்தனையும் ஊளையிட ஆரம்பித்தன. போதகர் காதைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பெண்ணை அப்படியே விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயர் இருந்த பக்கத்து அறைக்கு ஓடினார். வெளியே போகிற சத்தத்தை முழுக்கக் குறைத்து, வயரை மாற்றி, அவர் திரும்பி வர இரண்டு நிமிடம் ஆனது. ரெக்கார்டருக்குப் போகிற வயர் வேறு என்பதால் கேசட் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்க அவர் திரும்பி வந்து நின்றதும் சபை முழுக்கச் சிரித்தது. போதகர் கேட்டார், அக்கா "சம்மதம்" என்றாள், அது ரோடு வரை கேட்டது. கேசட்டை எதில் போட்டுக் கேட்டாலும் ஊளை, பெஞ்சு இழுபடும் சத்தம், இரைச்சல், சிரிப்பு, அப்புறம் அந்த வார்த்தை. இவ்வளவுதான்.

அந்த இரண்டு நிமிடம் அக்காவுக்குத் தோழியாகப் பக்கத்தில் நின்றவள் நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அங்கே என்ன நடந்தது என்பதைப் பதினேழு வருஷம் நான் யாரிடமும் சொல்லவில்லை, என் கணவரிடம்கூட.

1999-இல் ஓணத்துக்கு லீவில் வந்த ஜெயன் ஒரு இயர்போனைக் கொண்டுவந்தான். ஜெயன் எங்களுக்கு நாலு வீடு தள்ளி, ஷார்ஜாவில் ஏதோ கிடங்கில் வேலை. அதுவரை நாங்கள் பார்த்த இயர்போனெல்லாம் காதின் வாசலில் உட்காரும். இது காதுத் துளைக்குள்ளேயே போகும். சின்னதாக ரப்பர் தொப்பி. பிள்ளைகளுக்குக் காதில் மருந்து விட்டுப் பஞ்சு வைப்போமே, அந்த மாதிரி அடைத்துக்கொள்ளும்.

"அண்ணா, இது கொள்ளாமா, நல்லதான்னு பாருங்க. ரெண்டு பாட்டுக்கு மேல எனக்குக் கேக்கப் பற்றுல்ல. காது எரியுது" என்று வாக்மேனோடு வைத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மதியம் சாய்ப்பில் உட்கார்ந்தோம். அத்தான் அதைக் காதில் சொருகினார். நான் நோட்டை விரித்தேன். முதலில் ஒரு நாகஸ்வரம். "பாஸ் இல்ல, எழுது. தவில் அடிக்கான், ஆனா பக்கத்து வீட்ல இருந்து அடிக்கான். ஜால்ராக்காரன் வந்து எனக்க மடியில உக்காந்திருக்கான்." அடுத்து ஒரு பாட்டு. "'ஸ' வரும்போ ஊசி குத்துது. ஜெயன் சொன்னது சரி. இருபது நிமிஷம் கேட்டா தலவலி நிச்சயம்." அப்புறம் இன்னும் கொஞ்சம் கேட்டார். "ஆனா ஆனந்தம், பாடுறதுக்கு முன்ன பாட்டுக்காரி மூச்சு இழுக்குறது கேக்குது. எச்சி முழுங்குறது கேக்குது. இது பொல்லாத சாதனம்." அவர் முகத்தில் பலகாரம் கண்ட பிள்ளையின் சந்தோஷம் வந்துவிட்டது.

கல்யாண கேசட்டைப் போட்டார். எனக்கு எழுதிக் கை வலித்தது. "போதகருக்கு முன்பல்லு ஒண்ணு ஆடுது. பதினேழு வருஷமா எனக்குத் தெரியாம போச்சே. யாரோ குடை மடக்குறாவ. ஃபேன்ல ஒரு தட்டு உண்டு. பட்டுச்சேலை சரசரக்குது, இது ஒனக்க சேலையாக்கும் ஆனந்தம், அக்காவுக்கது வேற." எனக்குச் சிரிப்பு வந்து எழுத்து கோணியது. அவர் சொன்னார், "இனி மைக் ஊளை. இதுல ஊளை காதைக் கிழிக்கும், பொறு."

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அத்தான் கேசட்டைக் கொஞ்சம் பின்னால் ஓட்டினார். கேட்டார். மறுபடி பின்னால் ஓட்டிக் கேட்டார். பிறகு நிறுத்திவிட்டு, இரண்டு காதிலிருந்தும் அதை மெல்ல எடுத்து வாக்மேன் மேல் வைத்தார்.

"அப்புறம் அத்தான்?"

"போதும். எழுதாண்டாம்" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

கேசட் எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் எடுத்துக் காதில் வைத்துப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். கிசுகிசுவென்று பேசுவதில் அடிக்குரல் கிடையாது, எல்லாம் மேல்சத்தம்தான் என்று அத்தான் ஒருமுறை சொல்லியிருக்கிறார். வேறு எந்த ஸ்பீக்கரும் காட்டாத அந்த மேல்சத்தத்தை மட்டும் இந்தச் சவம் பிடித்த சாதனம் தூக்கிக் காட்டியது. இரைச்சலுக்கு மேலே, என் காதுக்கு உள்ளேயே நின்று என் அக்கா பேசினாள்.

"ஏட்டி, எனக்கு பேடியாட்டு இருக்கு, பயந்து வருது. வேண்டாம்னு சொல்லிரட்டா? வந்ததில இருந்து இவரு என்னய ஒரு தடவகூட பாக்கல்ல. அந்தப் பெட்டியத்தான் பாக்காரு."

உடனே என்னுடைய குரல். பத்தொன்பது வயதின் அதிகப்பிரசங்கிக் குரல். "பேசாம நில்லு. அப்பா செத்துப்போவாரு. சம்மதம்னு சொல்லிட்டு எறங்கு."

அங்கேயே நான் நிறுத்திவிட்டேன். அதற்குமேல் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. பதினேழு வருஷமாக என் நெஞ்சில் கிடந்தது இதுதான். அக்காவும் அத்தானும் சண்டை போடும்போதெல்லாம், அக்கா ஒரு நாள் தலைவலி என்று படுத்தாலும், நான்தானே பிடித்துத் தள்ளினேன் என்று நினைப்பேன். அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தால் எனக்கு ஒருநாள் கூடுதலாக ஆயுள் கிடைத்த மாதிரி இருக்கும்.

மூன்று நாள் அத்தான் பழைய ஆளே இல்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார். ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் மைக் ஊளையிட, இவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அசையவில்லையாம். கல்யாண வீட்டார் வந்து தட்டி எழுப்பினார்களாம். அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் முழுக்கப் போய்விட்டது. "இவருக்கு என்னட்டி?" என்று அக்கா என்னைக் கேட்டாள். நான் வெயில் என்றேன்.

நாலாம் நாள் ஆபீஸ் விட்டு வந்தால், நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் அத்தான் நிற்கிறார். எதையோ வாங்க வந்தேன் என்றார். கையில் ஒன்றும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் கிளாசையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஆனந்தம், அவ எனக்க கூட மனசில்லாமலா இருக்கா?"

"அதை என்கிட்ட எதுக்கு கேக்கிய? அக்காட்ட கேளுங்க."

"அவ பொய் சொல்ல மாட்டா மக்கா. கேட்டா உள்ளதச் சொல்லுவா. அதாக்கும் எனக்கு பேடி."

எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. அவர்மேல் அல்ல, என்மேல். "நான்தான் அவள சொல்ல வச்சது. என்னயும் சேத்துக் கேட்டியள்லா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "நீ சின்னப் பிள்ள. நீ என்ன செய்வ. நான் அவள பாக்கல்லன்னு சொன்னாள்லா, அது உள்ளதாக்கும். அன்னைக்கு அவ என்ன நிறத்துல சேல உடுத்திருந்தான்னு கேட்டா எனக்கு இப்பவும் தெரியாது. சரசரப்பு மட்டும்தான் தெரியும்." இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. இறங்கினதும் சாய்ப்பிலிருந்து வாக்மேனை எடுத்துக்கொண்டு நேரே அடுக்களைக்குப் போனேன். அக்கா சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் செதிலும் ரத்தமும். அத்தான் நான் என்ன செய்யப்போகிறேன் என்று புரிந்து, "வேண்டாம் ஆனந்தம்" என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, அசையாத" என்று அவள் இரண்டு காதிலும் சொருகி, கேசட்டை ஓடவிட்டேன்.

முதலில் முகத்தைச் சுளித்தாள். ஊளையாக இருக்கும். பிறகு அவள் கையிலிருந்த மீன் சட்டிக்குள் நழுவியது. என்னைப் பார்த்தாள், வாசலில் நின்றவரைப் பார்த்தாள்.

"இதுக்காக்குமா மூணு நாளா சோறு எறங்காம நடந்திய?" என்றாள். எப்போதும் போல மெதுவாகத்தான்.

"நீ சொன்னியா?" என்றார் அத்தான்.

"சொன்னேன். எனக்கு வேண்டாம்னுதான் இருந்துச்சு. பாதி சிரிப்பு, பாதி அழுக. கல்யாணப் பொண்ண நடுவில விட்டுட்டு ஓடுற ஆள யாருக்கு வேணும்?"

அத்தான் நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் நிறுத்துகிற பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன். அக்கா முழங்கையால் என் கையைத் தட்டிவிட்டாள். "நிறுத்தாத. ஓடட்டு." இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் உதட்டோரம் நெளிந்தது. என்னிடம், "ஒரு காதுல உள்ளத எடுத்து அவருக்கு வையி. கொஞ்சம் பின்னால ஓட்டு" என்றாள்.

வயர் குட்டை. அவர் குனிந்து, அவள் தலைக்குப் பக்கத்தில் தலையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. நான் ஓட்டிவிட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அத்தானின் முகம் மட்டும்தான் தெரிந்தது. அது போகிற போக்கைப் பார்த்து என்னால் பொறுக்க முடியாமல், "என்ன? என்ன வருது?" என்று கேட்டேன்.

"சபையில எல்லாரும் சிரிக்காவ. அதுக்கு அடியில இவரு பேசுறாரு" என்றாள் அக்கா. "ஓடிப் போயிட்டு வந்து நின்னாரே, அப்ப எனக்க காதுல சொன்னது. 'சத்தம் கூட்டாண்டாம். நீ மெதுவா சொன்னா போதும். மைக்கு பாத்துக்கிடும்.'"

"நான் சொன்னேனா?" என்றார் அத்தான். அவருக்கு அது சுத்தமாக நினைவில்லை. மைக்கைப் பற்றிய பேச்சு அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி, அதையெல்லாம் யார் நினைவு வைத்துக்கொள்வது.

"சொன்னிய. எனக்க இருவத்திமூணு வயசு வரைக்கும் எல்லாரும் எனக்கிட்ட சொன்னது ஒண்ணுதான். சத்தமாச் சொல்லு, சத்தமாச் சொல்லு. அப்பா சொல்லுவாரு, வாயில கொழுக்கட்டையான்னு. பள்ளிக்கூடத்துல டீச்சர் பெஞ்சு மேல ஏத்தி நிப்பாட்டிருக்கா. பாட்டுக் குழுவில இருந்து என்ன எறக்கினதும் இதுக்காட்டுதான். மெதுவாச் சொன்னா போதும்னு சொன்ன மொத ஆளு நீங்க. எனக்காட்டு ஒருத்தர் தனியா மைக் வச்சிட்டு, அத நேராக்க கோட்டோட ஓடிருக்காரு. அப்பதான் எனக்கு வெளங்கிச்சு. அதுக்குப் பொறவு வேண்டாம்னு சொல்ல எனக்கென்ன கிறுக்கா?"

அத்தான் அழுதார். காதில் அந்த ரப்பர் தொப்பியோடு, சின்னப் பிள்ளை மாதிரி. மீன் கையால் துடைக்க முடியாமல் அக்கா புறங்கையை அவர் கன்னத்தில் வைத்தாள். நானும் அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் என் கணக்கு இன்னும் தீரவில்லை.

"அப்போ நான் சொன்னது?" என்று கேட்டேன். "பேசாம சொல்லிட்டு எறங்குன்னு நான் சொன்னதுக்காகத்தான் நீ..."

"நீயா? நீ என்ன சொன்ன?" என்றாள் அக்கா. "இன்னைக்கு இதுல கேட்டப்பதான் தெரிஞ்சுது நீ வாய் தொறந்தன்னே. அந்த இரைச்சல்ல ஒனக்க பேச்சு எவ காதுல விழுந்துச்சு?"

பதினேழு வருஷம் நான் சுமந்து திரிந்ததை அவள் மீன் செதிலோடு சேர்த்து வழித்துப் போட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

அத்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தரையைப் பார்த்தே கேட்டார். "இப்ப?"

"இப்ப என்ன?"

"இப்பவும் அப்படி எப்பவாவது தோணுமா, வேண்டாம்னு?"

அக்கா சட்டிக்குள்ளிருந்து மீனை எடுத்து, வாலைப் பிடித்து, ஒரே இழுப்பில் செதிலைச் சுரண்டினாள். உள்ளதைத்தான் சொல்லுவாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"மாசத்துல ரெண்டு நாள் தோணும்" என்றாள். "மிச்ச நாளு நீங்க சாய்ப்புல இருந்து வந்து சோறு திங்கிற வரைக்கும் எனக்கு எறங்காது. மூணு நாளா நீங்க உண்ணல்ல. நானும் உண்ணல்ல. ஊருல உள்ள சத்தமெல்லாம் கேக்குற மனுஷனுக்கு அது கேக்கல்ல."

அத்தான் காதிலிருந்ததைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அக்காவின் முகத்தை, நிமிர்ந்து, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த மீனை வாங்கித் தானே வெட்ட ஆரம்பித்தார்.